ஊர்க்காவலும் கலாசாலையும்

அருவியின் அழகை அறிந்தோர் பலர். அதன் இயல்பை அறிந்தோர் சிலரே. குற்றாலத்தில் கீழே வானம் தெளிந்திருப்பினும், மலைமேல் பெருமழை பெய்யின் வெள்ளம் சிறிதுபொழுதில் இறங்கிவிடும். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. இத்தகைய இடங்களிற் காவல் செய்தல் யார் கடன்? போலீஸார் கடன் மட்டுமோ? இதனை ஈண்டு ஆராய்வோம்.

கலாசாலையும் காவற்றுறையும் கூடியுழைத்தல் புதிதன்று. அமெரிக்காவிலுள்ள பெர்க்லி நகரின் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், 1916-இல் அங்குள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிற் போலீஸாருக்கெனக் கல்வித் திட்டமொன்றைத் தொடங்குவித்தார். நம் நெல்லைச் சீமையிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற் குற்றவியல் கற்பிக்கும் துறை உண்டு.

பொதுமக்களைச் சேர்த்துக்கொண்ட முயற்சியும் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1993-இல் இராமநாதபுரத்திற் போலீஸ் சூப்பரிண்டெண்டாயிருந்த பிரதீப் பிலிப் அவர்கள் ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தைத் தோற்றுவித்தார்கள். நோக்கம் நன்றே. எனினும் 2020 ஜூனில், சாத்தான்குளம் போலீஸாரின் பிடியில் வதைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அவ்வியக்கத்தார் சிலர்க்கும் அதில் தொடர்புண்டெனக் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தலைவர்கள் அதனை மறுத்தனர். அவ்வாண்டு ஜூலையில் அரசாங்கம் இயக்கத்தைத் தடைசெய்தது.

இதனாற் பெறப்படுவது யாது? துணைசெய்வோர்க்கு எல்லை வேண்டும் என்பதே. அவ்வெல்லை மூவகைத்து.

முதலாவது, மாணாக்கர் அளத்தலும் அறிவித்தலும் செய்க; பிடித்தலும் அடித்தலும் அவர் தொழிலல்ல. மழையளவு, நீர்மட்டம், கூட்ட நெருக்கம், விபத்து நேர்ந்த இடமும் வேளையும் ஆகியவற்றை நாடோறும் குறித்துவைத்தல் சிறு பணியன்று.

இரண்டாவது, குறித்தவற்றைப் போலீஸாருக்கு உரைப்பதுபோலவே ஊராருக்கும் உரைக்க. அருவிக்கரைக் கடைக்காரரும் மலையடிவாரத்தாரும் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்தவற்றையும் கேட்டு எழுதிக்கொள்க.

மூன்றாவது, காவலர்பால் தவறு கண்டவிடத்து அஞ்சாது எடுத்துரைக்க. இடித்துரைத்தலும் நட்பின் இலக்கணமென்பது வள்ளுவர் கருத்தன்றோ? தவற்றை மறைப்பவன் போலீஸுக்கும் நண்பனல்லன், ஊருக்கும் நண்பனல்லன்.

1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தால் நம் கலாசாலைகளில் தொண்டர்க்குக் குறைவில்லை, வேண்டுவது நெறியே. தம்பியைக் காத்தல் தன் கடனோ என்று வினவிய காயீனின் வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. குற்றாலச் சாரலில் நீராடி மகிழும் நாம், அதற்குச் செயலால் விடை கூறுவோமாக.