ஊசி போடுமுன் சொல்ல வேண்டியவை

நள்ளிரவில் இளைப்பு கண்டால் நம் ஊரில் பலருக்கு முதலில் தோன்றுவது ஊசிதான். "ஒரு டெரிஃபிலின் போட்டா சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். என் அப்பாவுக்கும் வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு வந்த அரைமணியில் வாந்தி, கை நடுக்கம், தாங்க முடியாத படபடப்பு. முந்தைய இரவு அதே வகை மருந்தை மாத்திரையாகவும் விழுங்கியிருந்தார். ஊசி போட்டவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

டெரிஃபிலின் ஊசியில் இருப்பவை எட்டோஃபிலினும் தியோஃபிலினும். மருத்துவமனையில் டிரிப்பில் ஏற்றும் அமினோஃபிலினும் உடம்புக்குள் தியோஃபிலினாகத்தான் வேலை செய்கிறது. 1888-ல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. காபியில் இருக்கும் காஃபீனுக்கு நெருங்கிய உறவு. இறுகிப்போன மூச்சுக்குழாயைத் தளர்த்தும். ஆனால் குணம் தரும் அளவும் கெடுதல் செய்யும் அளவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ரத்தத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பும் வரலாம்.

முதலில் இன்ஹேலர். நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி ஒரு அழுத்து, நாலைந்து மூச்சு, பிறகு அடுத்த அழுத்து என்று நான்கு தடவை கொடுங்கள். 20 நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடியும் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் சோர்ந்து தூக்கக் கலக்கமாகிறார் என்றால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போனதும், "நெபுலைசர் வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. அந்த மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, திடீர் ஆஸ்துமாவுக்கு அமினோஃபிலின் ஊசியைப் பரிந்துரைப்பதில்லை. மற்ற மருந்துகளுக்கு அடங்காத சிலருக்கு மருத்துவர் யோசித்து முடிவெடுக்கும் மருந்து அது.

ஊசிதான் என்று முடிவானால், சிரிஞ்சில் மருந்து ஏறுமுன் வாய் திறந்து சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் 'ஃபிலின்' என்று முடிகிறதா பாருங்கள்: தியோஃபிலின், டாக்சோஃபிலின், அசிபிரோஃபிலின். (அமாக்சிசிலின் போன்ற 'சிலின்' வேறு, அது ஆன்டிபயாடிக்.) சளி மாத்திரை என்று நாம் நினைக்கும் கூட்டு மருந்துகளிலும் இது ஒளிந்திருக்கும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்து, மற்ற மருந்துகள். சிப்ரோஃப்ளாக்சாசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை தியோஃபிலினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாளில்தான் இளைப்பும் வருகிறது என்பதால் இதை மறக்கவே கூடாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக அளவைக் குறைத்துவிடும். பீடி, சிகரெட்டும் அப்படியே குறைக்கும். அதனால் புகையை விட்டவருக்குப் பழைய அளவே அதிகமாகிவிடலாம். வலிப்பு, இதய நோய், கல்லீரல் கோளாறு, தைராய்டு, கர்ப்பம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி நரம்பில் போடப்பட்டால் மெதுவாக இறங்க வேண்டும். மாத்திரையாக ஏற்கெனவே எடுத்துக்கொள்ளாத பெரியவருக்கு அமினோஃபிலினின் முதல் அளவு, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 250 மில்லிகிராம், அதாவது 10 மில்லி ஆம்பியூல் ஒன்று. அது இறங்க 20 நிமிடமாவது ஆக வேண்டும். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறும். அவசரப்படுத்தாதீர்கள், வெளியே ஆட்டோ காத்திருந்தாலும்.

டெர்பூட்டலின் என்ற இன்னொரு ஊசி தோலுக்கு அடியில் போடப்படுவது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 0.25 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்குள் மொத்தம் 0.5-ஐத் தாண்டக் கூடாது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.

போட்டதும் எழுந்து கிளம்பிவிடாதீர்கள். மூச்சும் நாடியும் நிலைக்கு வந்துவிட்டன என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். குமட்டல், வாந்தி, தலைவலி, படபடப்பு எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் எதுவுமே காட்டாமல் நேராக வலிப்பு வருவதும் உண்டு. அன்றைக்குக் காபி, டீ வேண்டாம். டெரிஃபிலினோடு டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டையும் போட்டார்களா என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். ஆம்பியூலை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, தெரிந்தவரைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை ஊசி தேவைப்படுகிறது என்றால், தினசரி எடுக்க வேண்டிய இன்ஹேலர் சரியாக அமையவில்லை என்று பொருள்; அந்தச் சீட்டுகளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். என் அப்பாவின் சட்டைப் பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. இரவு மாத்திரையின் பெயரும் நேரமும் அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கின்றன. யார் கூட்டிக்கொண்டு போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.