கதிரவனின் சீற்றத்தை முன்கூட்டி அறிதல்

மழை பெய்யுமானால் அன்று மரம் வெட்டு நடைபெறாது. ஆகவே, வானிலை அறிவிப்பின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், கதிரவனிலிருந்து எழும் புயலுக்கும் முன்னறிவிப்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

கதிரவனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் காந்த ஆற்றல் செறிந்த இடங்களாகும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை பெருகிக் குறைகின்றன. பெருகும் காலத்தில் வெடிப்புகளும் மிகுகின்றன. வெடிப்பின் ஒளி 8 நிமிடங்களில் பூமியை அடையும். அதனுடன் வீசப்படும் மின்துகள் முகில் வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இந்த இடைவெளியே ஆய்வாளருக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பூமி ஒரு பெருங்காந்தம். முகிலின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருப்பின் பெருந்தீங்கின்றிக் கடந்துவிடும். தெற்கு நோக்கி இருப்பின் பூமியின் காந்தக் கவசத்தைத் திறந்துகொண்டு ஆற்றல் உட்புகும். அத்திசையைத் தொலைவிலிருந்து உறுதியாகக் கூற இயலாது. பூமிக்குக் கதிரவன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீட்டரில் காவல் நிற்கும் விண்கலங்களை முகில் தொடும்போதே அது தெரியவரும். பிறகு எஞ்சுவது ஏறக்குறைய அரைமணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். இந்தியா 2023இல் ஏவிய ஆதித்யா விண்கலமும் 2024 ஜனவரியில் அவ்விடத்தை அடைந்தது.

அந்த அரைமணியின் மதிப்பைக் கனடாவின் கியூபெக் மாநிலம் அறியும். 1989 மார்ச் 13ஆம் நாள் காந்தப்புயல் நிலத்தில் மின்னோட்டத்தைத் தூண்டியது. அடியிலிருந்த கற்பாறை அதனை எளிதில் கடத்தாமையால், அது மின்கம்பிகளில் பாய்ந்தது. ஒன்றரை நிமிடத்திற்குள் மின்விநியோகம் முழுவதும் சரிந்தது. 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ 9 மணி நேரம் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தனர்.

2024 மே மாதத்தில் நிலைமை வேறு. அமெரிக்க நிலையம் முதல்நாளே எச்சரித்தது. புயலோ சொன்னதிலும் கடுமையாக வந்தது. மின்நிலையங்கள் ஆயத்தமாக இருந்தமையால் பெருஞ்சேதம் நேரவில்லை. ஆனால், செயற்கைக்கோள் வழிகாட்ட ஓடும் உழவு இயந்திரங்கள் தடம் பிறழ, விதைப்புக் காலத்தில் அமெரிக்க உழவர் பலர் வேலையை நிறுத்த நேர்ந்தது.

நாம் நிலநடுக்கோட்டை அடுத்து வாழ்வதால் மின்கம்பிகளுக்கு அத்துணை அச்சமில்லை. எனினும், பொழுது சாய்ந்தபின் நம் மேல்வானில் மின்துகள் அடுக்கு குலைந்து, செயற்கைக்கோள் குறிப்புகள் தடுமாறுவது உண்டு. நிலத்தில் இருப்போரின் உடலுக்கு இப்புயலால் தீங்கில்லை, காற்றுமண்டலம் காக்கிறது. "இன்றிரவு தொலைபேசியை அணைத்துவிடுங்கள்" என்று பரவும் செய்திக்கு ஆதாரம் ஏதுமில்லை. முன்னறிவிப்பு வேண்டுவோர் மின்பொறியாளரும் விமானிகளும் செயற்கைக்கோளை இயக்குவோருமே ஆவர்.