பழைய வீட்டைப் புதுப்பித்தலும் விரித்தலும்

வீட்டுக் கடன் வேண்டிச் சங்கங்களுக்கு வரும் மனுக்கள் இருவகைப்படும். காலி மனையில் புதுவீடு கட்ட வருபவை ஒருவகை. பாட்டனார் கட்டிய வீட்டைப் பழுது பார்த்து, அதன்மேல் ஒரு மாடியும் எழுப்ப வருபவை மற்றொரு வகை. முன்னதைப் பரிசீலிப்பது எளிது. பின்னதில்தான் சங்கமும் அங்கத்தினரும் ஒருங்கே இடர்ப்படுகின்றனர். வீடு பழையது; பாத்தியதை பலருக்குரியது; சுவரின் பலமோ எவருக்கும் தெரியாதது. இதனைச் சென்னை யானைக்கவுனி வீடுகளை எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்வோம்.

நெசவும் பயிரும் தொழிலாக உடையவர்களுக்கு யானைக்கவுனி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வடசென்னையில் நெசவாளர் குடியிருப்பு புதிதன்று. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலட் காலத்தில் நெசவாளருக்கென ஏற்பட்ட பேட்டையே. அன்றியும், இடநெருக்கடி மிகுந்த இடத்தில் கற்ற பாடம் எல்லா ஊருக்கும் பயன்படும். ஹைதர் அலியின் படை சென்னையின் எல்லைவரை வந்து மீண்ட பின்னர், 1769 முதல் நகரைச் சுற்றி எழுந்த மதிலின் வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதில் பெரும்பாலும் மறைந்து, வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் நிற்கிறது. மதிலுக்குள் நெருங்கி அமைந்த தெருக்களோ இன்றும் அப்படியே இருக்கின்றன.

அங்கே 15 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். முன்னே திண்ணை, அப்பால் ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்கட்டு. இருபுறமும் அண்டை வீட்டாருடன் பொதுச் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். அதாவது, தேக்கு விட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டமாகக் கோணத்தில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த தளம். சிமெண்டும் கம்பியும் இல்லாமலே நூறாண்டு நின்ற வேலை இது. இவ்வீட்டில் மூன்று சகோதரர்கள் வசிக்கின்றனர். ஒரு சகோதரி மணமாகி வேறூரில் இருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மேலே இரண்டு அறைகள் வேண்டும் என்கின்றனர்.

முதலில் கொத்தனாரை அழைப்பதே வழக்கமாக இருக்கிறது. நம்முடைய அபிப்பிராயத்தில் முதலில் அழைக்க வேண்டியவர் சகோதரி. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயார்ஜிதத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். கூட்டுக் குடும்பச் சொத்தில், 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் உரிமை தந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம், முன்னரே முறைப்படி பாகம் பிரிந்த சொத்துகள் நீங்கலாக, எல்லாப் பெண்களுக்கும் அதனை விரித்தது. அவ்வுரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆகவே மூன்று சகோதரர்கள் மட்டும் கையொப்பமிட்டு அடமானம் வைக்கும் வீடு சங்கத்துக்கு முழு ஜாமீன் ஆகாது. பாகப்பிரிவினைப் பத்திரமோ, அவர் மனமுவந்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரமோ பதிவாகட்டும். அல்லது அவரும் அடமானத்தில் சேரட்டும். கடன் வாங்கிக் கூரையைப் பிரித்தபின் வழக்கு முளைத்தால், வீடு வானம் பார்த்து நிற்க, வட்டி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்து, சுவர் எதனைத் தாங்கும் என்ற கேள்வி. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 200 சதுர அடி அறைக்கு 5 அங்குல கான்கிரீட் தளம் போட்டால், அதன் எடை ஏறக்குறைய 6 டன். அதன்மேல் எழும்பும் 9 அங்குலச் செங்கற்சுவர் 10 அடி உயரமானால், ஓரடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ. இவ்வளவும் ஒற்றை மாடிக்கென்றே பாட்டனார் இட்ட அஸ்திவாரத்தின்மேல் இறங்குகிறது. ஆகவே சுவரை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் சோதனைக் குழி வெட்டி, அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் தகுதி பெற்ற பொறியாளர் பார்த்து எழுதித் தர வேண்டும். விட்டங்களின் நடுப்பகுதி திடமாக ஒலிப்பதைக் கேட்டுத் திருப்தியடைதல் கூடாது. சுவருக்குள் புதைந்த முனைகளிலேயே ஈரமும் கரையானும் வேலை செய்யும். கூரிய ஊசியால் அங்கே குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பழைய சுவர் போதாதென்று கண்டால், உள்ளேயே தனித் தூண்கள் நிறுத்தி மாடியின் பாரத்தை அவற்றின்மேல் ஏற்றலாம். செலவு கூடும்; ஆனால் அண்டை வீட்டாரின் சம்மதமின்றிப் பொதுச் சுவரில் உத்திரம் செருகும் வம்பு இராது. தூண்களுக்குக் குழி தோண்டும்போது மட்டும், சுவர் நெடுக ஒரே சமயத்தில் தோண்டாமல், ஒன்று முடிந்தபின் மற்றொன்றாகத் தோண்டல் வேண்டும். யானைக்கவுனிக்குத் தொலைவில்லாத அரண்மனைக்காரத் தெருவில் 2023 ஏப்ரலில் இடிந்து விழுந்த பழைய மாடிக் கட்டடத்தில் அப்பொழுது புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்தது என்பதை அங்கத்தினர்கள் மறக்க வேண்டாம். பழைய கட்டடம் சும்மா நிற்கையில் உள்ள அபாயத்தைவிடக் கைவைக்கையில் உள்ள அபாயம் பெரிது.

குழித்தறி உள்ள வீடுகளில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். தறிக்குழி சுவரை ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் அஸ்திவாரத்தின் பக்கபலம் குறைவு. அச்சுவரின்மேல் மாடிச் சுவரை வைக்கலாகாது. அவ்வாறே, மேல்தளத்தை நெல் மூட்டைகள் அடுக்கும் கிடங்காக்குவதும் தகாது. குடியிருப்புக்கென்று அமைந்த தளம் அது.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டுப் பூச்சு பூசுவது இன்று எங்கும் பரவியுள்ள பிழை. பூசிய ஆண்டு சுவர் பளபளக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரமோ வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்பைப் பூக்கச் செய்து, செங்கல்லை மாவாக்கும். கடலையடுத்த ஊர்களில் இத்தொல்லை அதிகம். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே உறவு. வேலை தெரிந்த கொத்தனார் அருகிவிட்டார் என்பது மெய். இன்னும் கிடைக்கவே செய்கிறார்.

தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோவது வேறொரு குறை. பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே மறுதளம் இடவேண்டுமென்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. அதற்கு முன்னரே பள்ளமாகிவிட்ட வீடுகளுக்கு அது பரிகாரமாகாது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே என்பர். தனித்து நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தலாம். இருபுறமும் பொதுச் சுவர் உள்ள வீட்டை எங்ஙனம் தனியே தூக்குவது? உள்தரையை உயர்த்தி, வாயிற்படியைத் தூக்கி வைப்பதே இங்கு இயலும்.

இனி, முற்றம். இடம் போதவில்லை என்றதும் எல்லோருடைய கண்ணும் முதலில் அதன்மேல்தான் விழுகிறது. 100 சதுர அடி சும்மா கிடக்கிறதே என்பார்கள். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது அந்த 100 சதுர அடியின் வழியாகவே. அதை மூடினால் ஓர் அறை கிடைக்கும். மூன்று அறைகள் இருண்டுவிடும். பகலெல்லாம் விளக்கெரியும், சமையற்கட்டின் புகை கூடத்தில் தங்கும். நூலின் நிறபேதம் பார்த்துத் தறியிலிருப்பவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முற்றத்துக்குக் கைவைக்கும் வரைபடத்தைச் சங்கம் திருப்பி அனுப்புவதே நன்று என்பது நமது கருத்து.

வரைபடம் தயாரானதும் மாநகராட்சியின் அனுமதி பெற வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்கு ஆதாரம். மதிப்பீட்டில் மாடிப்படி, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை எழுத மறப்போர் பலர். தளம் போட்டு முடித்தபின் கைமாற்றுக்கு அலைபவர்கள் இவர்களே. பத்தில் ஒரு பங்காவது எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குதல் நலம். கடனையும் ஒரே தொகையாகப் பெறாமல், அஸ்திவார பலம், தளம், பூச்சு என வேலையின் படிக்கேற்பத் தவணையாகப் பெறுக. மேஸ்திரிக்குக் கொடுப்பதும் அவ்வாறே.

தளத்தைத் திறக்கும் வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிவிடலாம். சுண்ணாம்புத் தளம் இறுகி உலர நாட்கள் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் தட்டோடு பதித்து முடிந்திருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் நீரைத் தெருவில் விடாமல் பூமிக்குள் இறக்கும் அமைப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அந்த உறைகுழியைச் சுவரிலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் விலக்கி அமைக்குமாறு வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.