வாயில்லா உயிரின் மேனி நோய்

திண்டுக்கல் நகரம் பூட்டுக்கும் புகையிலைக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்றதாகும். இறந்த ஆட்டின் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, அது நெடுநாள் கெடாதிருக்கச் செய்யும் தொழிலில் இந்நகரத்தார் பலர் வல்லவராய் விளங்கினர். ஆனால், வாயிலில் காவல் கிடக்கும் நாயின் உயிருள்ள தோலைப் பேணும் முறையை அறிந்தோர் நம்முள் சிலரே. யானும் இளமையில் அதனை அறியேன். அவ்வறியாமையால் நேர்ந்ததை முதற்கண் கூறுகின்றேன்.

எம் சிற்றூர் சிறுமலைக்கு வடபால் விரிந்த சமவெளியில் உள்ளது. எம் இல்லத்தில் மணி என்னும் செந்நிற நாய் ஒன்று வளர்ந்து வந்தது. ஓராண்டு ஐப்பசி மழை ஓய்ந்தபின், அதன் காதுகளிலும் விரலிடுக்குகளிலும் உண்ணிகள் ஆமணக்கு விதைபோலத் திரண்டு தொங்கின. இரவெல்லாம் அது சொறிந்துகொண்டு உறங்காது கிடந்தது. அக்காலத்தில் எந்தையார் புகையிலை பயிரிட்டிருந்தார். புகையிலை நீர் உண்ணியைக் கொல்லும் என்று எவரோ சொல்லக் கேட்டிருந்த யான், வீட்டில் ஒருவரும் இல்லாத நண்பகலில் புகையிலைக் காம்புகளைக் காய்ச்சி, ஆறவைத்து, மணியின் உடல் முழுதும் ஊற்றினேன். உண்ணிகள் உதிர்ந்தன. மருத்துவம் கற்றுவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். ஒரு நாழிகை கழிவதற்குள் மணியின் வாயில் நுரை ஒழுகிற்று, வாந்தி எடுத்தது, கால்கள் நடுங்கித் தள்ளாடி வீழ்ந்தது.

அவ்வேளையில் என் அப்பத்தா கொல்லையிலிருந்து வந்தார். “என்னடா ஊற்றினாய்?” என்றார். என் நா எழவில்லை. நாற்றமே அவருக்கு விடை கூறிற்று. மணியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டு சென்றார். “நான் போதும் என்கிறவரை இறைத்து ஊற்று” என்று என்னைப் பணித்து, அரப்புத்தூள் தேய்த்து நான்கு முறை கழுவினார். கழுவி முடிக்கும்வரை அதன் வாய் உடலில் படாதவாறு பிடித்துக்கொண்டார். பின்னர், “நாய்க்கு நாக்குத்தானடா கை! அதன் மேலுக்குப் பூசியதெல்லாம் வயிற்றுக்குப் போகும் என்று உனக்குத் தெரியாதா?” என்றார். அன்றிரவு மணி அடுப்படியில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. யான் அதனருகே விழித்திருந்தேன். கோழி கூவும் நேரத்தில் அது தலை தூக்கி, அப்பத்தா வைத்த நீராகாரத்தைச் சிறிது நக்கிற்று. அதன்பின் அது வாழ்ந்த நாளெல்லாம், எந்தையார் புகையிலைக் கட்டோடு வரக் கண்டால் மாட்டுத் தொழுவத்திற்குப் பின்னே ஓடி ஒளியும்.

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு, நாவின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியேயும் உட்புகும். மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய், பினாயில், வண்டிப் பட்டறையில் வடித்த கழிவெண்ணெய் ஆகியவற்றை இன்றும் சிலர் நாயின் சொறிக்குப் பூசுகின்றனர். அவையும் தோலைப் புண்ணாக்கிக் குடலையும் கெடுப்பனவே.

உண்ணி சிலவே எனின், குறட்டினால் தோலை ஒட்டினாற்போல் பற்றி, நசுக்காமல் நேரே இழுத்தெடுத்துச் சோப்பு நீரில் இடவேண்டும். அவ்வளவில் பணி முடிந்ததென்று கருதற்க. குருதி குடித்து முதிர்ந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. இதனை நூலிற் கற்காத என் அப்பத்தா, மறுநாளே மணி படுத்த சாக்கை எரித்தார். திண்ணை வெடிப்புகளைச் சுண்ணாம்பு கொண்டு அடைத்தார்.

சொறி என்பது வேறு. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர் தோலைத் துளைத்து உட்புகுவதால் அது வருகின்றது. 1687ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பொனோமோ என்பார், சொறி கண்ட மாந்தரின் தோலிலிருந்து இத்தகைய உயிரை எடுத்து, உருப்பெருக்கியில் கண்டு எழுதினார். நாய்க்கு வரும் சொறியுள் இருவகை உண்டு. ஒன்று காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கி, கடுந்தினவு தந்து, பிற நாய்களுக்கும் பரவும். தொட்டவர்க்கும் சின்னாள் அரிக்கும். மற்றொன்று தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. அதில் தினவு குறைவு, மயிர் உதிர்தல் மிகுதி. படையோ பூஞ்சையால் வருவது. பார்வைக்கு இவை ஒன்றுபோல் தோன்றும், மருந்து ஒன்றன்று. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் நோக்கியே மருத்துவர் இவற்றைப் பிரித்தறிவர். சப்பானிய மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெற்ற ஐவர்மெக்டின் என்னும் மருந்து, 1981ஆம் ஆண்டு முதல் விலங்கு மருத்துவத்தில் வழங்குகின்றது. அதன் பொருட்டு ஓமுரா, கேம்பெல் என்னும் இருவர் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்தையும் கோலி இன நாய்களுட் பல தாங்கமாட்டா. ஆகவே, கடையில் தாமே வாங்கி ஊட்டுதல் தகாது.

அங்ஙனமாயின் வீட்டு மருந்தே வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அதன் எல்லை சிறிது. வேப்பிலையைக் கொதிக்கவைத்து, வடித்து, நன்கு ஆறிய நீரால் நாயைக் குளிப்பாட்டலாம். சிறு சிராய்ப்பை உப்பு நீரால் கழுவலாம். வறண்ட இடத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லெனத் தடவலாம். மாட்டு உண்ணிக்குப் பூண்டும் வசம்பும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கரைத்துத் தெளிக்கும் முறை உழவரிடையே உண்டு. பூண்டு நாய், பூனைகளின் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கவல்லதாதலின், அக்கலவையை அவற்றின்மேல் தெளித்தல் ஆகாது.

பூனைக்கு இன்னும் விழிப்பு வேண்டும். அதன் ஈரல் பல பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் குன்றியது. அன்றியும், அது நாள்தோறும் நெடுநேரம் தன் மேனியை நக்கித் தூய்மை செய்வது. நாய்க்கு உரிய உண்ணி மருந்துகளுள் பெர்மெத்ரின் கலந்தது பூனையின் உயிரையே போக்கிவிடும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் வேர் மணத்தில் மயங்கிப் பூனை அச்செடியருகே புரளும். பெயர் அழகியதே. அதுகொண்டு அச்செடியை அரைத்துப் பூனையின் புண்ணில் பூசற்க.

உண்ணி கண்ட நாய் உணவை வெறுத்தாலும், அதன் ஈறு வெளிறினாலும், உடல் கொதித்தாலும் அது தோல் நோய் மட்டுமன்று. உண்ணி பரப்பும் காய்ச்சலாகவும் இருக்கலாம். அந்நிலையில் வேப்பிலைக்குக் காத்திராமல், அன்றே கால்நடை மருந்தகத்திற்கு அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.