வயிற்றில் ஒரு வாயில்

இலையின் அடிப்புறத் தோலை மெல்ல உரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சின்னஞ்சிறு துளைகள் தெரியும். தாவரவியலில் இலைத்துளைகள் என்று படிக்கிறோமே, அவைதாம். அவற்றின் விஞ்ஞானப் பெயர் ஸ்டொமேட்டா. ஒருமையில் சொன்னால் ஸ்டோமா. கிரேக்க மொழியில் இதற்கு 'வாய்' என்று பொருள். ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் உண்டு. நேரம் அறிந்து துளையைத் திறப்பதும் மூடுவதும் அவற்றின் வேலை.

இதே சொல் மருத்துவமனையிலும் வழங்குகிறது. குடலில் புற்றுநோய் கண்ட ஒருவரிடம், "அறுவை சிகிச்சையின்போது வயிற்றில் ஒரு துவாரம் வைக்க வேண்டியிருக்கலாம், மலம் அதன் வழியாகப் பைக்குள் வரும்" என்று டாக்டர் சொல்கிறார். அந்தத் துவாரத்தின் பெயரும் ஸ்டோமாதான். நோயைவிட இந்தச் செய்தியே பலரை அதிகமாக அச்சுறுத்துகிறது. "அப்படி வாழ்வதற்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுபவர்களும் உண்டு. குணப்படுத்தக்கூடிய காலம் இதனால் கைநழுவிப் போகிறது. இந்தத் துவாரம் என்ன, ஏன், எப்படி என்று தெரிந்துகொண்டால் அச்சத்தில் பெரும்பகுதி விலகும். பார்ப்போமா?

குடலில் யாருக்கு என்ன வேலை?

நாம் உண்ணும் உணவு இரைப்பையில் கூழாகிச் சிறுகுடலுக்குள் செல்கிறது. சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். உணவிலுள்ள சத்துகளில் பெரும்பகுதி இங்கேயே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. எஞ்சிய நீர்த்த சக்கை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், பெருங்குடலை அடைகிறது. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அதிலிருந்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. கெட்டியான மலம் இறுதியில் மலக்குடலுக்கு வந்து தங்குகிறது. இதன் நீளம் சுமார் 15 செ.மீ.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் வளையங்களாக அமைந்துள்ளன. உள்வளையம் தானாக இயங்கும். வெளிவளையம் நம் சொல்லைக் கேட்கும். வகுப்பு முடியும்வரை நம்மால் பொறுத்திருக்க முடிகிறதே, அது வெளிவளையம் செய்யும் உதவி.

ஆக, சத்தைச் சேர்ப்பது சிறுகுடல். நீரை மீட்பது பெருங்குடல். தேக்கி வைப்பது மலக்குடல். காவல் காப்பது சுருக்குத் தசை. வேலைகள் இப்படிப் பிரிந்திருப்பதால்தான், ஒரு பகுதியை எடுத்துவிட்டாலும் மற்றவை தத்தம் வேலையைத் தொடர்கின்றன. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மற்றவை எளிதில் விளங்கும்.

கட்டி வளரும் விதம்

குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. இவ்வளவு வேகமாகச் செல்கள் பிரியும் இடத்தில் எப்போதாவது கட்டுப்பாடு தவறுவதுண்டு. முதலில் பாலிப் எனப்படும் சிறு மொட்டு தோன்றும. பெரும்பாலான பாலிப்புகள் தீங்கற்றவை. சில மட்டும், பெரும்பாலும் பத்தாண்டு அளவில், புற்றுநோயாக மாறுகின்றன.

இந்த நீண்ட இடைவெளி நமக்கு ஒரு வாய்ப்பு. குடலுக்குள் வளைந்து செல்லும் கொலோனோஸ்கோப் என்ற கருவியால் பாலிப்பைக் கண்டு, அப்போதே நறுக்கி எடுத்துவிடலாம். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் வயிற்றைத் திறக்காமலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

எனினும் பலர் தாமதமாகவே வருகிறார்கள். மலத்தில் இரத்தம் கண்டால் "மூலமாக இருக்கும்", "உடம்புச் சூடு" என்று சொல்லி மாதக்கணக்கில் கைமருந்து பார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூலமாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமின்றி எடை குறைதல், இரத்தச் சோகையால் வரும் களைப்பு ஆகியவையும் எச்சரிக்கைகளே. உலகில் 2022-இல் மட்டும் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

துவாரம் எப்போது தேவைப்படுகிறது?

அறுவை மருத்துவர் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. அதன் இரு பக்கமும் நல்ல குடலில் ஒரு பகுதியையும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் மடிப்பையும், அம்மடிப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கிறார். பிறகு குடலின் இரு முனைகளையும் இணைத்துத் தைக்கிறார். கட்டி பெருங்குடலின் மேற்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் கதை இத்துடன் முடிந்தது, துவாரமே தேவையில்லை. கட்டியால் குடல் அடைபட்டு அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தால் மட்டும் நிலைமை வேறாகலாம்.

கட்டி மலக்குடலில் இருந்தால் இரண்டு நிலைகள் உண்டு.

முதல் நிலை: கட்டியை எடுத்தபின் குடலை ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைக்க முடிகிறது. ஆனால் இவ்வளவு கீழே போடும் இணைப்பு ஆறுவதற்குள் கசிந்துவிடக்கூடும். கசிந்தால் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வயிற்றறைக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். வாய்க்காலில் உடைப்பை அடைத்த பிறகு நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? புது மண் இறுகும்வரை மேலேயே மடையை வெட்டி நீரை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள் அல்லவா? அதேபோல், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வளைத்து, பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து திறந்துவிடுகிறார்கள். இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். இணைப்பு நன்றாக ஆறியதும், சில மாதங்களில், இன்னொரு சிறிய அறுவையால் இதை மூடிவிடுவது வழக்கம்.

இரண்டாம் நிலை: கட்டி சுருக்குத் தசையையே பற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது அதற்கு மிக அருகில் இருக்கிறது. தசையை மிச்சம் வைத்தால் புற்றுநோயும் மிச்சமிருக்கும். ஆகவே மலக்குடல், சுருக்குத் தசை, ஆசனவாய் அனைத்தையும் எடுத்து, அந்த இடத்தைத் தைத்து மூடி, பெருங்குடலின் முனையை இடப்பக்க அடிவயிற்றில் நிரந்தரமாகத் திறந்துவிடுகிறார்கள். இது கொலாஸ்டமி. இவ்வறுவையை 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் விளக்கினார். அறுவைக்கு முன்பே கதிர்வீச்சாலும் மருந்தாலும் கட்டியைச் சுருக்குவதும், நுட்பமான தையல் கருவிகளும், 1982-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹீல்ட் விளக்கிய துல்லியமான அறுவை முறையும் சேர்ந்து, நிரந்தரத் துவாரம் தேவைப்படுவோர் தொகையை இன்று வெகுவாகக் குறைத்துவிட்டன.

காவலில்லாத வாயில்

கண்ணாடி முன் நின்று உங்கள் கீழுதட்டை மெல்ல மடித்து உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக, ஈரமாக, பளபளப்பாக இருக்கிறதல்லவா? ஸ்டோமாவின் தோற்றமும் ஏறத்தாழ அதுவே. அதைப் 'புண்' என்று நினைப்பது தவறு. வெளியே மடித்துத் தைக்கப்பட்ட ஆரோக்கியமான குடல் அது. வலியை உணரும் நரம்புகள் அதில் இல்லாததால் தொட்டாலும் வலிப்பதில்லை. அந்தச் சிவப்பு நல்ல இரத்த ஓட்டத்தின் அடையாளம். அது கருத்துப் போனால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இலைத்துளைக்குக் காப்புச் செல்கள் உண்டு. ஆசனவாய்க்குச் சுருக்குத் தசை உண்டு. வயிற்றில் வைத்த இந்த வாயிலுக்கோ காவலாள் இல்லை. மலமும் வாயுவும் தம் விருப்பப்படி வரும். எனவேதான் பை தேவைப்படுகிறது. துவாரம் பறித்துக்கொள்வது பெரும்பாலும் தேக்கி வைக்கும் வேலையையும் காவல் வேலையையும் மட்டுமே. அவற்றை ஏற்றுக்கொள்வது அந்தப் பை.

கடற்பஞ்சிலிருந்து பைவரை

1776-இல் பிரான்சின் ரூவான் நகரில் ஒரு மது வணிகருக்கு மலக்குடலில் கட்டி ஏற்பட்டு வழி முழுதும் அடைபட்டது. எடையால் அடைப்பைத் தள்ளிவிடும் என்று நம்பி, அவருக்கு ஏராளமான பாதரசம் விழுங்கக் கொடுத்திருந்தார்கள். பயனில்லை. பிலோர் என்ற அறுவை மருத்துவர் வயிற்றின் வலப்பக்கம் குடலைத் திறந்துவிட்டார். வெளிவருவதை உறிஞ்ச ஒரு கடற்பஞ்சைக் கட்டி வைத்தார்கள். துவாரம் தன் வேலையைச் செய்தது. ஆனால் உள்ளே தங்கிய பாதரசம் குடலைக் கெடுத்துவிட்டதால் 28-ஆம் நாள் அவர் இறந்தார். 1793-இல் பிரெஸ்ட் நகரில் டியூரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு இத்தகைய துவாரம் அமைத்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது. மயக்க மருந்து பழக்கத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த செய்தி இது!

துவாரம் கைவந்தது, தூய்மையாக வாழும் வழி கைவரவில்லை. அதைத் திறந்துவிட்டவர் ஒரு நர்ஸ். டென்மார்க்கைச் சேர்ந்த எலிசெ சோரென்சன் என்பவரின் தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைக்கப்பட்டது. கசிவுக்கும் வாடைக்கும் அஞ்சி அவர் வெளியே செல்லவே தயங்கினார். இதைக் கண்ட அக்காள், தோலில் நேராக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை 1954-இல் எண்ணிப் பார்த்தார். பிளாஸ்டிக் தொழிலில் இருந்த ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். இன்று உலகெங்கும் பயன்படும் ஒட்டுப் பைகள் இந்த வழியில் வந்தவையே.

அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண்மணி தாமே இலியாஸ்டமியுடன் வாழ்ந்தவர். அவருக்கு அறுவை செய்த டாக்டர் டர்ன்புல் 1958-இல் அவரையே கிளீவ்லாந்து மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத்தர அமர்த்தினார். ஸ்டோமா பராமரிப்பு ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது இப்படித்தான்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

துவாரம் எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே குறித்து வைப்பது நல்லது. நோயாளியை நிற்க, உட்கார, குனியச் செய்து, தோல் மடியாத, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைப் பேனாவால் குறிப்பார்கள். வேட்டியோ சேலையோ இறுக்கிக் கட்டும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். ஆகவே, தாம் வழக்கமாக உடுத்துவதைப் பற்றி அவர் சொல்லத் தயங்கக்கூடாது. தற்காலிகமா நிரந்தரமா, எப்போது மூடுவீர்கள், பை மாற்ற யார் கற்றுத் தருவார்கள் என்ற கேள்விகளையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். ஒட்டும் தகட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வியர்வை மிகுந்த கோடையில் சற்று முன்னதாகவே மாற்ற நேரும். தகட்டிலுள்ள துளை ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக இருப்பது முக்கியம். பெரிதாக வெட்டினால் குடல்நீர் பட்டுத் தோல் வெந்துபோகும்.

இலியாஸ்டமி உள்ளவருக்கு, நீரை மீட்கும் பெருங்குடல் தற்போது வேலையில் இல்லை. ஆகவே நீரோடு உப்பும் போதிய அளவு சேர வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. தேங்காய், சோளம், வேர்க்கடலை போன்றவற்றை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளக்கூடும்.

குளிக்கலாம், பயணம் செய்யலாம், வேலைக்குப் போகலாம், உடல் தேறியபின் நீந்தவும் செய்யலாம். அதிக பாரம் தூக்குவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரால்ஃப் பெனிர்ஷ்கே 1979-இல் பெருங்குடல் அழற்சி நோயால் உயிருக்குப் போராடி, ஸ்டோமாவுடன் மீண்டார். 1980-இல் திரும்ப ஆடுகளம் புகுந்து, 1986 வரை தொழில்முறை ஆட்டத்தில் இருந்தார்.

இவ்வளவும் சொன்னதால் இது எளிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். பைகளின் செலவு ஒரு சுமை. முதல் வாரங்களில் கண்ணீரும் கூச்சமும் வரும். தம் உடலைத் தாமே பார்க்க மறுப்பவர்களும் உண்டு. இங்கேதான் உங்கள் பங்கு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது நேர்ந்தால், பை மாற்றும் நேரத்தில் மூக்கைப் பொத்தாதீர்கள். அவர் தட்டைத் தனியே வைக்காதீர்கள். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. முன்போலவே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அறுவையைக் கண்டு அவர் தயங்கினால், குடலின் படம் ஒன்றை வரைந்து, எந்த வேலை போகிறது, எவையெல்லாம் மிஞ்சுகின்றன என்று காட்டுங்கள். மிஞ்சுவதே அதிகம் என்பதை அவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. இலியாஸ்டமி, கொலாஸ்டமி இரண்டில் எதில் வெளிவருவது அதிக நீர்மமாக இருக்கும்? ஏன்?

2. ஸ்டோமாவில் வலி உணர்வு இல்லை. இதனால் வரும் நன்மை ஒன்று, தீமை ஒன்று கூறுக.

3. ஒருவருக்கு ஆசனவாயிலிருந்து 2 செ.மீ. உயரத்திலும், மற்றொருவருக்கு 12 செ.மீ. உயரத்திலும் கட்டி உள்ளது. யாருடைய சுருக்குத் தசையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்? படம் வரைந்து விளக்குக.