ஓட்டமும் வீச்சும்

அமெரிக்கக் கால்பந்து என்னும் விளையாட்டின் பெயரில் கால் இருப்பினும், பந்தைக் கையில் ஏந்துவதும் எறிவதுமே அதில் மிகுதி. ஒவ்வோர் அணியிலும் 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருப்பது தாக்கும் அணி. எதிர்நிற்பது தடுக்கும் அணி. தாக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் பந்தை 10 கஜம் முன்னேற்றினால் மீண்டும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். இயலாவிடில் பந்து எதிரணியிடம் சேரும். பந்துடன் இறுதிக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். இதனை 'டச்டவுன்' என்பர்.

பந்தை முன்னேற்ற இருவழிகள் உள்ளன. ஒன்று ஓட்டம். அணியை நடத்தும் 'குவார்ட்டர்பேக்' பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பார். அவர் எதிரிகளின் இடையே புகுந்து ஓடுவார். மற்றொன்று வீச்சு. குவார்ட்டர்பேக் பந்தை முன்னோக்கி எறிய, தொலைவில் ஓடும் தோழர் அதனைப் பிடிப்பார். ஓட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் சில கஜங்களே; ஆயினும் இழப்புக்கான அச்சம் குறைவு. வீச்சில் ஒரே முயற்சியில் 40 கஜமும் கிடைக்கலாம். பந்து பிடிபடாமல் வீழலாம். எதிரி இடைமறித்துக் கைப்பற்றவும் கூடும்.

தொடக்கக் காலத்தில் பந்தை முன்னோக்கி எறிவதற்கு விதிகள் இடந்தரவில்லை. வீரர்கள் கூட்டமாக மோதியதால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1905ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வலியுறுத்தினார். மறு ஆண்டு, 1906இல், முன்னோக்கிய வீச்சு விதிகளில் இடம்பெற்றது. ஓட்டமா, வீச்சா என்னும் வினாவும் அன்றே பிறந்தது.

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது ஓட்டத்தை நம்பும் பயிற்சியாளரின் கொள்கை. ஆனால், ஓடிக்கொண்டே இருக்கும் அணியை எதிரி எளிதில் அறிந்துகொள்வான். தன் வீரர்களை எல்லாம் முன்வரிசைக்குக் கொணர்ந்து வழியடைப்பான். எறிந்துகொண்டே இருக்கும் அணிக்கும் இதே நிலைதான். தடுப்போர் பின்னே சென்று பந்து பிடிப்போரைச் சூழ்ந்துகொள்வர். முன்வரிசையினர் தயக்கமின்றிக் குவார்ட்டர்பேக்கின் மீது பாய்வர்.

எனவே, ஒன்றின் வலிமை மற்றொன்றால் வளர்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்வார். ஓட்டத்தைத் தடுக்க எண்ணித் தடுப்போர் ஓரடி முன்வைப்பர். அந்த ஓரடியால் அவர்களுக்குப் பின்னே வெற்றிடம் உண்டாகும்; பந்து அங்கே பறக்கும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் திடீரென மெதுவான பந்தை வீசி மட்டையாளரை ஏமாற்றுவதும் இவ்வகையினதே. முந்தைய பந்துகளின் வேகமே மெதுவான பந்துக்கு ஆற்றல் தருகிறது.

சமநிலை என்பது எண்ணிக்கையைச் சரிபாதியாகப் பகிர்வதன்று. 'மிகுதியாக ஓடும் அணியே வெல்கிறது' என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஓடுபவர் களத்தின் உள்ளே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் நிற்பதில்லை. ஆதலால் முன்னிலையில் உள்ள அணி, நேரத்தைக் கழிக்க இறுதியில் மிகுதியாக ஓடும். பின்தங்கிய அணியோ விரைந்து முன்னேற வேண்டி எறியும். அங்கே மிகுதியான ஓட்டம் வெற்றியின் காரணமாக இருப்பதைவிட, வெற்றியை நெருங்கியதன் விளைவாகவே இருக்கக்கூடும்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் 'சூப்பர் பவுல்' இறுதிப்போட்டி நடைபெற்றது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சியாட்டிலின் ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் 4 கஜம் ஓடிப் பந்தை இறுதிக்கோட்டிற்கு 1 கஜம் அருகே சேர்த்தார். அடுத்த ஆட்டம் தொடங்கியபோது எஞ்சியவை 26 நொடிகள், 3 வாய்ப்புகள், ஆட்டத்தை நிறுத்தும் உரிமை ஒன்று. வலிமைமிக்க லிஞ்ச் ஓடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனோ பந்தை எறிந்தார். புதுவீரர் மால்கம் பட்லர் பாய்ந்து அதனை இடைமறித்தார். பயிற்சியில் இதே ஆட்டமுறையிடம் அவர் தோற்றிருந்தார். களத்தில் அதனை அடையாளம் கண்டுகொண்டார். கோப்பை பேட்ரியாட்ஸ் அணிக்குக் கிடைத்தது.

முடிவுக்குத் தாமே பொறுப்பு எனச் சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல் வெளிப்படையாக ஏற்றார். பலர் அவரைப் பழித்தனர். ஆயினும் அவர் பக்கம் ஒரு கணக்கு இருந்தது. பிடிபடாத வீச்சு கடிகாரத்தை நிறுத்தும். எஞ்சிய இரு வாய்ப்புகளும் கைவிட்டுப் போகா. தொடர்ந்து ஓடித் தோற்றால் 3 வாய்ப்புகளுக்கும் நேரம் போதாமற் போகலாம். பேட்ரியாட்ஸ் அணியும் ஓட்டத்தைத் தடுக்கும் பெருவீரர்களை முன்னிறுத்தியிருந்தது. மறுபுறம், வீச்சில் மட்டுமே இடைமறிப்பு என்னும் இடர் உண்டு என்பதும் உண்மை. ஒரு முடிவைத் தீர்ப்பிடுவோர், விளைவோடு நின்றுவிடாமல், முடிவெடுத்த நொடியில் கையிலிருந்த காரணங்களையும் எடைபோட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
பாசாங்கு – பொய்யான நடிப்பு
இடர் – துன்பம், ஆபத்து
எஞ்சிய – மீதமுள்ள

பிரித்து எழுதுக
1. இருவழிகள்
2. இறுதிக்கோடு
3. வெற்றிடம்

வினாக்கள்
1. முன்னோக்கிய வீச்சு எந்த ஆண்டு விதிகளில் இடம்பெற்றது? அதற்கு முன் நேர்ந்த இடர் யாது?
2. பாசாங்கு ஆட்டத்தில் தடுப்போர் எவ்வாறு ஏமாறுகின்றனர்?
3. முன்னிலையில் உள்ள அணி இறுதியில் மிகுதியாக ஓடுவது ஏன்?
4. நீவிர் பீட் கேரலின் இடத்தில் இருந்தால் ஓட்டத்தைத் தேர்வீரா, வீச்சைத் தேர்வீரா? இரு காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.