விருந்தாளிக்கு முதலில் கோல்கொண்டா

ராமச்சந்திராபுரம் பி.எச்.இ.எல். டவுன்ஷிப்பில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. திருச்சி யூனிட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், வந்த இடத்திலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர்கள் என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் இந்த வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். காலையில் சார்மினார் எக்ஸ்பிரஸில் நாம்பள்ளியில் இறங்கி, பெட்டியை வீட்டில் வைத்த கையோடு வாண்டுகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மாமா, சார்மினார் எப்போ போறோம்?”

போகலாம், ஆனால் கடைசியாக. விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு சுற்றிப் பழகியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஹைதராபாத் நகரம் எந்த வரிசையில் வளர்ந்ததோ அந்த வரிசையில் பார்த்தால் அலைச்சலும் குறைவு, கதையும் புரியும். ராமச்சந்திராபுரம் நகரத்தின் மேற்கு ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலையில் இருக்கிறது. கோல்கொண்டா அந்தப் பக்கமே. லிங்கம்பள்ளி, கச்சிபௌலி வழியாக மெஹதிப்பட்டினம் போகும் பஸ்ஸில் ஏறி, டோலிசௌக்கி பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோட்டை வாசல்.

பஸ் என்றதும் ஒரு விஷயம். தெலங்கானாவில் 2023 டிசம்பரிலிருந்து பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம். அது மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். மதுரை முகவரி போட்ட ஆதாரை நீட்டினால் கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். அத்தைமார்களிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்த இடம் கோல்கொண்டா. 1518இல் சுல்தான் குலி இங்கே குதுப் ஷாஹி ஆட்சியைத் தொடங்கினார். சுமார் 360 படிகள் ஏற வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டால் பதினொன்றுக்குள் இறங்கிவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் அதற்குப் பிறகு பாறை கொதிக்கும். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நுழைவாயில் மண்டபத்தில் கை தட்டினால் மலை உச்சி வரை கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாருக்கும் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் ஐம்பது பேர் தட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இரண்டு பேரை முன்னால் மேலே அனுப்பிவிட்டு, கூட்டம் சற்று ஓய்ந்ததும் கீழிருந்து ஒருவர் மட்டும் தட்ட வேண்டும். எதிரி வந்தால் மேலே தகவல் போக அமைத்த ஏற்பாடு அது என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஏறும் வழியில் அம்பர்கானா என்ற தானியக் கிடங்கு. 1642இல் கட்டியதாக அங்கே பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. தமிழர்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் பக்கத்தில் உள்ள ராமதாஸ் சிறை. நம் ஊர் பஜனை மடங்களில் பாடப்படும் அதே பத்ராசல ராமதாசர், கஞ்சர்ல கோபண்ணா, அரசாங்கப் பணத்தில் கோயில் கட்டினார் என்று அடைபட்ட அறை. வெயிலிலிருந்து உள்ளே போனால் முதலில் எதுவும் தெரியாது. கண் பழகியதும் சுவரில் ராமர், லட்சுமணர், அனுமன் உருவங்கள் மெல்லப் புலப்படும். போட்டோ எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

இன்னொரு உறவும் உண்டு. 1640களில் கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லாவின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கிய பிறகு, பூந்தமல்லியும் சென்னைப்பட்டணமும் கோல்கொண்டா சுல்தானின் ஆளுகைக்குள் வந்தன. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் இந்த மலையைப் பார்த்துத்தான் காரியம் சாதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின், உள்ளிருந்தே ஒருவன் கதவைத் திறந்துவிட ஔரங்கசீப்பின் படை நுழைந்தது. கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா கைதியாகத் தௌலதாபாத் போனார். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஆகா கான் அறக்கட்டளை 2013 முதல் சீரமைத்த தோட்டம் அது. என் கண்ணுக்குக் கோட்டையைவிட அழகு அதுதான், நிழலும் உண்டு.

கோட்டைச் சுவர்களில் சுடுமண் குழாய்கள் இன்னும் தெரிகின்றன. துர்கம் செருவு ஏரித் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் மேலேறியது. இன்று அந்த ஏரிமேல் கேபிள் பாலம். திரும்பும்போது ஹைடெக் சிட்டி வழியாக வந்தால் பார்த்துவிடலாம். கோட்டைக்குள் நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கூடியதால்தான் மூசி நதிக்குத் தெற்கே புதுத் தலைநகர் போட்டார் சுல்தான் முகம்மது குலி. அது 1591, ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டை ஒட்டி.

நடுவே சார்மினார், அதிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு சாலை. சீனத்தின் பழைய தலைநகரான சியானிலும் நான்கு சாலைகள் கூடுமிடத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1384இல் கட்டிய அதை 1582இல்தான் இப்போதைய இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்களில் ஒரே யோசனை.

இரண்டாம் நாள் பயணத்துக்கு மியாப்பூர்தான் தொடக்கம். மெட்ரோவில் ஏறி எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கினால் மாற வேண்டிய வேலையே இல்லை. அங்கிருந்து நேராக சார்மினாருக்கு ஆட்டோ பேசாமல், முதலில் நயாபுல் அருகே சாலார்ஜங் அருங்காட்சியகம். 1951இல் நேரு திறந்துவைத்தது. பகல் பன்னிரண்டுக்குப் பொம்மை வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன் கூட்டம் நெருக்கும். கால் மணி நேரம் முன்பே உட்கார இடம் பிடித்துவிடுங்கள். கடிகாரம் அடித்து முடித்ததும் எல்லோரும் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். சீனப் பீங்கான் கூடங்களை நிதானமாகப் பார்க்க அதுவே சமயம்.

பிறகு மதீனா, பத்தர்கட்டி வழியாக நடந்தே சார்மினாருக்குப் போகலாம். மேலே ஏறும் சுருள்படி குறுகலானது. முழங்கால் வலிக்காரர்கள் கீழே இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கட்டும். லாட் பஜாரில் முன்வரிசைக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், கரி அடுப்பில் அரக்கை இளக்கி, வளையமாக உருட்டி, சூடு ஆறுமுன் கல் பதிப்பதைப் பார்க்கலாம். அங்கே வாங்கினால் பேரமும் எளிது.

கிழமை முக்கியம். வெள்ளியன்று சாலார்ஜங்கும் சௌமஹல்லா அரண்மனையும் விடுமுறை. மெக்கா மசூதியில் மதியத் தொழுகைக் கூட்டம் சாலைவரை நிரம்பும். அன்றைக்குப் பழைய நகரத்தை விட்டுவிட்டுக் கோட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டமும் பார்க்க வேண்டுமென்றால் வேறு கிழமையாகப் பாருங்கள். ரம்ஜான் மாதத்தில் ஹலீம் தேடி வருபவர்கள் மட்டும் சார்மினாருக்கு மாலையில் கிளம்பலாம். கடைசி மெட்ரோ நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ராமச்சந்திராபுரம் வரை ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.